பர்ன்லி நெசவாளர் குடும்பத்தின் வேர்களைத் தேடி: இதுவரை கண்டவை

என் கணவரின் தந்தைவழி முன்னோர், வட இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பர்ன்லி நகரத்துப் பருத்தி ஆலைகளில் தறி ஓட்டியவர்கள். நிலமோ உயிலோ விட்டுச்செல்லாத குடும்பம் என்பதால், அரசுப் பதிவேடுகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் மட்டுமே நம்பித் தேட வேண்டியிருக்கிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கி நகர்ந்து, என் மாமனாரின் தாத்தாவுடைய தந்தை வரை இப்போது வந்து சேர்ந்திருக்கிறேன்.

1881ஆம் ஆண்டுப் பக்கத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கணவன், மனைவி இருவருக்கும் பருத்தி நெசவு என்றும், பதினொரு வயது மகளுக்கு அதே வேலையில் அரைநேரம் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1874ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயது நிறைந்த பிள்ளைகள் பாதி நேரம் ஆலையிலும் பாதி நேரம் பள்ளியிலும் இருக்க அனுமதித்தது; அந்த அனுமதி இந்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இந்த ஒரே வரி காட்டிவிடுகிறது. பின்னாளில் தொழில்வாரியாகத் தொகை கூட்டிய எழுத்தர்கள் இழுத்த கோடுகள் அந்தச் சொற்களின் மேலேயே ஓடுவதால், படத்தைப் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகத்தான் படிக்க முடிந்தது. குடும்பத்தினர் கொடுத்த மூலப் படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் பெயர்த்தெழுதிய பிரதி. ஆகவே பெயரின் எழுத்துகளில் சிறு வேறுபாடு இருப்பதால் மட்டுமே ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது.

இதற்கு முந்தைய தலைமுறையில்தான் சிக்கல் எழுந்தது. கோல்ன் நகரை அடுத்த டிராடன் கிராமத்தில் 1845ஐ ஒட்டி, 1881 பக்கத்தில் உள்ள கணவனின் பெயரிலேயே இரு சிறுவர்கள் பிறந்திருக்கிறார்கள். ஒருவனின் தந்தை கைத்தறி நெசவாளர், மற்றவனின் தந்தை கல்குவாரித் தொழிலாளி. 1861இல் நெசவாளரின் மகன் விதவைத் தாயோடு பர்ன்லியில் இருக்கிறான். மற்றவன் டிராடனிலேயே இருக்கிறான். ஊர் பொருந்துகிறது என்பதற்காக முதலாமவனையே நம்மவன் என்று முடிவுகட்ட எனக்கு மனமில்லை. 1867ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு இதைத் தீர்த்துவைத்தது: மணமகனின் தந்தை நெசவாளர், காலமானவர் என்று அதில் தெளிவாக இருக்கிறது. தேவாலயத்தின் மூலப் பதிவேட்டில் மணமகன் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். மணமகள் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். இந்த வம்சத்தில் எவருடையதாயினும் அவரே எழுதிய எழுத்தை நான் பார்த்தது அதுவே முதல்முறை.

அக்காலத் திருமணப் பதிவில் தந்தையரின் பெயர் மட்டுமே இருக்கும், தாய்மார் இடம்பெறுவதில்லை. பிறப்புச் சான்றிதழில்தான் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் கிடைக்கும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணை 1837 ஜூலை முதலான பிறப்புகளுக்கும் அந்தப் பெயரைத் தருகிறது. (பிறப்பைப் பதியாத பெற்றோருக்கு அபராதம் 1875இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் விடுபட்ட குழந்தைகள் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.) நெசவாளர் மகனின் தாய் எந்தக் குடும்பத்துப் பெண்ணோ, அந்தக் குடும்பப்பெயர்தான் ஆலைக்குப் போன அந்தப் பதினொரு வயதுப் பேத்திக்கு நடுப்பெயராக வைக்கப்பட்டிருக்கிறது. பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைகளின் பெயர் வழியே காத்துவைக்கும் இந்த வழக்கம் வட இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. திருமணப் பதிவும் இந்த நடுப்பெயரும் ஒரே வீட்டைக் காட்டியதால், இந்த இணைப்பை உறுதியானதாகக் குறித்துக்கொண்டேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் பட்டினி கிடந்த ஆண்டுகள் 1861, 1871 கணக்கெடுப்புகளுக்கு இடையில் விழுகின்றன. அந்த விதவைத் தாய் அதை எப்படிக் கடந்தார் என்பதற்கு, பர்ன்லி ஏழையர் நிவாரணப் பதிவுகளை ப்ரெஸ்டன் நகரிலுள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

அடுத்த வேலை அந்தக் கைத்தறி நெசவாளரின் பெற்றோரைக் கண்டுபிடிப்பது. 1841 கணக்கெடுப்பு அவர் வயதை 25 என்கிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதும் வழக்கம் அதில் இருந்ததால், அவர் 1811க்கும் 1816க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவுகளில் தந்தையின் தொழிலும் இருப்பதால், கோல்ன் புனித பர்த்தலமேயு ஆலயத்தின் பதிவேட்டை அந்த ஆண்டிலிருந்தே படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.