513 படியும் அம்மாவின் முட்டிவலியும்

பினாங்குக்கு இரண்டு நாள் போய்வரத் திட்டம் போட்டது நான்தான். பள்ளி விடுமுறை. பிள்ளைகளுக்கு ஜோர்ஜ் டவுன் சுவரோவியம், வீட்டுக்காரருக்கு நாசி கண்டார் குழம்புச் சோறு. கோலாலம்பூரிலிருந்து ரயில் டிக்கெட் எடுத்து, லிட்டில் இந்தியா பக்கம் அறையும் போட்ட பிறகுதான் அம்மா மெதுவாக வாயைத் திறந்தார். “தண்ணீர்மலை முருகன் கோயில்ல ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும்மா.”

போன வருடம் சின்னவன் டிங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தபோது வைத்ததாம். ரத்தத் தட்டு எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்க, நான் வார்டு வாசலில் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவோ அதற்குள் முருகனிடம் பேசி முடித்துவிட்டார்: பேரனைக் கொடுத்துவிடு, 513 படியும் நடந்தே ஏறி வந்து உனக்குப் பால் ஊற்றுகிறேன். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். இது தெரிந்துமா ஒப்புக்கொண்டாய் முருகா என்று நினைத்துவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி. அம்மா அந்தக் காலத்தில் காரோடு ஏறிப்போன ஃபெரி இப்போது இல்லை. ஜெட்டியை விட்டு வெளியே வந்ததுமே திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஒரு விலை சொல்லி, நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு “அது ஒரு ஆளுக்கு” என்றார். இறங்கி நடந்தோம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், அதுவும் விடுமுறை; கடைகளுக்கு முன்னாலிருக்கும் காக்கி லீமா நடைபாதையில்கூட கால்வைக்க இடமில்லை.

மறுநாள் காலையில் கிரேப் வாடகைக் கார் பிடித்து, வாட்டர்ஃபால் ரோடு முருகன் கோயில் என்றோம். கார் ஓட்டிய பிள்ளை நாட்டுக்கோட்டை செட்டியார் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கேயும் தண்டாயுதபாணிதான், தைப்பூசத்து வெள்ளி ரதம் வந்து சேரும் இடம். “அவரே இங்க வரவழைச்சிருக்காரு” என்று அம்மா உள்ளே போய்க் கும்பிட்ட பிறகே நகர்ந்தார். மலையடிவாரம் நடக்கிற தூரம்தான். ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

முதல் நூறு படி அம்மா பேசிக்கொண்டே ஏறினார். அப்புறம் பேச்சு நின்றது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து வலது காலை வைப்பார், இடது காலை அதே படிக்குக் கொண்டுவருவார், “முருகா” என்பார். அடுத்த படி. சின்னவன் பால் செம்பை இரண்டு கையாலும் அணைத்தபடி நாலு படி முன்னால் ஏறுவான், நிற்பான், திரும்பிப் பார்ப்பான். கம்பியில் சாய்ந்து செல்ஃபி எடுத்தவர்களோ ஒருவரும் விலகவில்லை. முந்நூறு தாண்டியிருக்கும், “போதும்மா, இங்கேயே நின்னு கும்பிட்டுக்கலாம்” என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை!

அப்போது மேலிருந்து இறங்கி வந்த ஒரு சீன ஆண்ட்டி, நெற்றி நிறையத் திருநீறு, அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். “பெலான் பெலான்”, மெதுவா மெதுவா என்று மலாயில் சொல்லிச் சொல்லியே திரும்பவும் ஏறி உச்சிவரை வந்தார். நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சந்நிதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. எங்கள் செம்பும் உள்ளே போனது. யார் செம்புப் பால் எது என்று யாருக்குத் தெரியும், வெள்ளையாக அவன் மார்பில் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா கைகூப்பவில்லை. இரண்டு கையாலும் சின்னவனின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவதுபோல உரக்கவே சொன்னார்: “இவன்தான்ப்பா. நல்லா பாத்துக்க.”

எனக்கு அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. தீபாராதனை பார்த்தேனா, தட்டில் காசு போட்டேனா, நினைவில்லை. அழுதுகொண்டே இருந்தேன். வார்டு வாசலில் வராத அழுகை.

இறங்க ஒரு மணி நேரமானது. ஆர்மேனியன் தெருவில் அந்த சைக்கிள் ஓவியத்துக்கு வரிசை வேறு. ரயிலுக்கு நேரமாகிறதென்று வீட்டுக்காரர் கத்தக் கத்த ஒரே ஒரு படம் எடுத்தோம். அக்காவும் தம்பியும் கோணலாக நிற்கிறார்கள், சின்னவன் கையில் இன்னும் அந்தக் காலிச் செம்பு.