ரசீது பதிந்தாயிற்றா?

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் பத்திரம் எழுதுகிறேன். நிலம் விற்க வருகிறவர்களிடம் பட்டா, சிட்டா கேட்பதற்கு முன்பே நான் கேட்பது இதுதான்: "இதன்மேல் கடன் வாங்கி அடைத்திருக்கிறீர்களா? ரசீது பதிந்தாயிற்றா?" முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வராது. கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து தரும் ரசீதைத்தான் கேட்கிறேன்.

சம்பா அறுவடை முடிந்த தை மாதம் ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். மூன்று மா நன்செய். மகள் கல்யாணத்துக்காக விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், இறந்துபோன கணவர் எழுதிக்கொடுத்த வங்கி அடமானம் அப்படியே நிற்கிறது. "அதெல்லாம் அவர் இருக்கும்போதே அடைத்துவிட்டார் தம்பி" என்று பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூலப்பத்திரம், கடைசித் தவணை கட்டிய சீட்டு, பாக்கி இல்லை என்று வங்கி தந்த கடிதம். கடிதம் மடிப்பில் கிழிந்து, பின்புறம் ஒட்டியிருந்தது. வாங்குபவரோ, வில்லங்கம் தீராமல் கிரயத்துக்கு வரமாட்டேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வங்கிக் கணக்கு வேறு, சார்பதிவாளர் அலுவலகப் புத்தகம் வேறு. பதிவான அடமானத்துக்கு, கடன் தீர்ந்தது என்று வங்கியே ரசீது எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கடன் முழுதும் அடைபட்ட 30 நாளுக்குள் பத்திரங்களைத் தந்து, பதிவேட்டில் நிற்கும் அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும்; தங்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அது 2023 டிசம்பர் 1 முதல்தான். இந்தக் கடன் அதற்கு வெகுகாலம் முன்பே தீர்ந்தது.

வாரிசுச் சான்றோடு ஐந்து முறை வங்கிக்கு நடந்தோம். அந்தக் கிளை வேறொன்றோடு சேர்ந்துவிட்டதால் கோப்பைத் தேடவே மாசி முழுதும் போனது. பங்குனியில்தான் மேலாளர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீதில் கையெழுத்திட்டார்.

புதிய வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் அந்த அம்மா பதறினார். "இன்னும் இருக்கிறதே!" பழைய பதிவு அழிவதில்லை. அதில் எழுதிக்கொடுத்தவர் கணவர், எழுதிவாங்கியவர் வங்கி. ரசீது தனியாக வேறொரு பதிவு. அதில் எழுதிக்கொடுத்தவர் வங்கி. எழுதிவாங்கியவர்கள் அந்த அம்மாவும் மகளும். விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.