நல்ல தண்ணி

"நல்ல தண்ணியா தம்பி?" என்று அக்கா கேட்டபோது நான் ஏணியில் நின்று சோலார் பேனலின் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். பேனலை உப்பில்லாத நல்ல தண்ணியில் கழுவணும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். "ஆமாக்கா, வாரத்துக்கு ரெண்டு குடம் போதும்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். மூன்று வருஷம் ஆகியும் அது என்னை விடவில்லை.

நான் சொன்னது தப்பில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடற்கரைப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பேனல் கண்ணாடியில் படியும் உப்பு துணியால் துடைத்தால் போகாது. பிசுபிசுத்துத் தூசியையும் பிடித்துக்கொள்ளும். போர்த் தண்ணீரை ஊற்றினால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும். மகளிர் குழுவின் மீன் ஃப்ரீசர் அந்தப் பேனல்களை நம்பித்தான் ஓடுகிறது.

அக்கா ஒரு வாரம்கூடத் தவறாமல் கழுவியிருக்கிறார். ஆறு மாதம் கழித்துப் போனபோது பேனல்கள் பளிச்சென்று இருந்தன, மனசாரப் பாராட்டினேன். அவர் மகள்தான் சொன்னாள். லாரித் தண்ணியைக் காசுக்குப் பிடித்து, தள்ளுவண்டியில் கொண்டுவரும் குடங்களில் ரெண்டு அது. லாரி வராத வாரம் மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மோந்தது. "அம்மா அன்னைக்கே கேட்டுச்சேண்ணே."

இந்த வேலைக்கு வருமுன், கடலுக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் ஆராய்ச்சியில் பதினோரு வருஷம் இருந்தவன் நான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும்; கிலோ தண்ணீருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் அந்த வேகம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஏறும். உப்பு அங்கே ஓர் எண். கடல் சோதனை முடிந்ததும் ஹைட்ரோஃபோன் என்கிற நீரடி மைக், கேபிள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுவோம். ஹோஸ் எப்போதும் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். அந்தப் பழக்கம்தான் ஏணியில் நின்று பேசியது என்று நினைக்கிறேன். ஆனால் நான் பிறந்ததும் இந்த மாவட்டம்தானே? ராமநாதபுரத்தில் தெருக்குழாயடியில் அம்மாவின் குடத்துக்கு இடம் பிடித்து நின்றவன், தெரியாமல் சொன்னேன் என்று எப்படிச் சொல்வேன்?

கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் மின் நிலையத்தில் பேனல் துடைக்க ரோபோ இருக்கிறது. நாலு பேனலுக்கு மனுஷக் கைதான்.

ஃப்ரீசர் வந்தபின் வியாபாரி கேட்ட விலைக்கு மீனைத் தள்ளிவிட வேண்டியதில்லை, தண்ணிக் காசு அதிலேயே வந்துவிடுகிறது என்கிறார் அக்கா. அதைக் கேட்கும்போது நெஞ்சு லேசாகிறது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் மறுபடி கனக்கிறது. மார்கழியில் விடியுமுன் பனி ஈரத்தோடு துடைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பங்குனி, சித்திரைக்கு என்னிடம் வழி இல்லை.

போன மாதம் வேறொரு கிராமத்துக்குப் போட்ட கொட்டேஷனில், ஐப்பசி மழையைக் கூரையிலிருந்து பிடித்து வைக்க டிரம்மும் குழாயும் சேர்த்திருந்தேன். "அத எடுத்துட்டு வெலயக் கொறைங்க தம்பி" என்றார் குழுத் தலைவி. விளக்கிப் பார்த்தேன். அவர்களிடம் இருந்த பணம் அவ்வளவுதான். அடித்துவிட்டேன். பராமரிப்புத் தாளில் 'வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவவும்' என்ற வரியை அடிக்கவில்லை.