இமிபெனம் டிஸ்க்கும் எங்கள் ஸ்டோர்ஸும்

எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் குளத்து நீரிலிருந்து ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரித்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிறது என்று டிஸ்க் முறையில் பார்த்தேன். மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லையை, பாக்டீரியா பூசிய பிளேட்டில் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராத வட்டத்தை (ஸோன்) அளப்பதுதான் அது. ஈ.கோலையை அடையாளம் காட்டும் ஈ.எம்.பி. மீடியம் பிளேட்டில் உலோகப் பச்சைப் பளபளப்போடு காலனி வந்தவரை ஒரு சிக்கலும் இல்லை.

படுத்தியது டிஸ்க்தான். ஐஸ் பேக் வைத்த பார்சல் வெள்ளி மாலை வந்திருக்கிறது. ஸ்டோர்ஸில் வாங்கி வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், லேபுக்கு ஒரு போன் கூட இல்லை. மே மாதம், தகரக் கூரை அறை. திங்களன்று கைக்கு வந்தபோது பேக்கில் வெந்நீர்தான் இருந்தது. கேட்டால், "எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கேம்மா!"

வேறு வழியில்லாமல் அதையே வைத்தேன். மறுநாள் பார்த்தால் குளத்து ஈ.கோலை ஸ்ட்ரெயின்களில் (தனித்தனியாகப் பிரித்த வகைகளில்) பாதி, இமிபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அசையவில்லை. கடைசிக் கட்ட மருந்தாயிற்றே! கைடு அப்போதே பேப்பர் தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண் போனது கண்ட்ரோல் பிளேட் மேல்; ஸோன் எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ஸ்ட்ரெயினை வைத்து டிஸ்க்கையே சோதிக்கும் பிளேட் அது. அதிலிருக்கும் ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலை ஸ்ட்ரெயினுக்கு இமிபெனம் ஸோன் 26 முதல் 32 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஸ்கேல் காட்டியது 20. அதே பிளேட்டில் சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் என்ற மற்ற இரண்டு ஆன்டிபயாடிக் டிஸ்க்குகளும் வரம்புக்குள்தான். ஆக மீடியம் மேல் பழி இல்லை. இமிபெனம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் செத்துவிடும் மருந்து. கண்ட்ரோல் வைக்காமல் இருந்திருந்தால் ஊர்க் குளத்துக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஸ்கேலோடு பிளேட்டைப் படம் எடுத்து வைத்திருந்ததால் மறு ஆர்டருக்குத் துறைத் தலைவர் உடனே கையெழுத்துப் போட்டார். வாய்வார்த்தையாகப் போயிருந்தால் மூன்று கொட்டேஷன் கேட்டிருப்பார்கள். இந்த முறை சப்ளையரிடம் திங்கள்கிழமை அனுப்பச் சொன்னேன். நீங்களும் அப்படியே கேளுங்கள், வார இறுதியில் மாட்டாது. வந்ததும் ஃபிரீசரில் போடுங்கள். எடுக்கும்போது குப்பி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மீடியம் 4 மி.மீ. கனம், பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லண்டு என்ற கலங்கல் அளவுக்குக் கலக்கிய பிறகு 15 நிமிடத்துக்குள் ஸ்வாபால் (பஞ்சுக் குச்சியால்) பூசுவது, இதெல்லாம் லேபில் தெரிந்ததுதான்.

புது டிஸ்க்கில் கண்ட்ரோல் 29 மி.மீ. குளத்து ஈ.கோலை எல்லாம் இமிபெனத்துக்கு ஒழுங்காக அடங்கின. கைடுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். 'குளிர்ப் பார்சல் வந்தால் உடனே லேபுக்குச் சொல்லவும்' என்று ஸ்டோர்ஸ் கதவில் ஒரு தாள் ஒட்டியாகிவிட்டது. அங்கே இருப்பவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.