முகம் தெரியற கல் வேண்டாமுங்க

ஈரோட்டில் ஒரு பழைய கடை வளாகத்துக்குத் தரை மாற்றும் வேலை கைக்கு வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் பத்தடி நடைவழி, மேலே ஓட்டுக் கூரை, கீழே தாத்தா காலத்துக் கடப்பாக் கல். முக்கால்வாசி ஜவுளி வியாபாரம்தான். பேசப் போன அன்றைக்கே கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே ஆசை, பளபளவென்று கிரானைட். "முகம் தெரியோணுமுங்க தம்பி" என்றார் மூத்தவர் ஒருவர்.

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். சில வருடம் முன்னால் கோபிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் முகம் தெரியத்தான் போட்டுக் கொடுத்தேன், ஐப்பசி மழையில் சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரர் வழுக்கி விழுந்து கை முறிந்தது. கேட்டது அவர்கள், சரி, ஆனால் போட்டது நான்தானே.

அதனால் இந்தத் தடவை பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு வாரச் சந்தை முழுக்க, திங்கள் ராத்திரியிலிருந்து செவ்வாய் மத்தியானம் வரை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். துணிப் பேல் ஏற்றிய தள்ளுவண்டி விடாமல் போகிறது, ஒவ்வொரு இணைப்பிலும் தடக் தடக். பழைய கல்லைக் குனிந்து பார்த்தால் பாதி வரைபடம் அதிலேயே இருக்கிறது. சக்கரம் ஓடி ஓடி இரண்டு வாய்க்கால், டீக்கடை முன்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. மிலானில் 1867-ல் திறந்த கலேரியா என்ற கடைவீதியின் மொசைக் தரையில் ஒரு காளை உண்டு. அதன் விதைமேல் குதிகாலை ஊன்றிச் சுற்றினால் அதிர்ஷ்டமாம், சுற்றிச் சுற்றி அந்த இடமே பள்ளமாகிவிட்டது. (காங்கேயம் காளைக்கு இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா!)

அப்புறம் மாதிரிக் கற்கள் வாங்கி வந்து மஞ்சள், தேங்காய் எண்ணெய், டீ, எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். கடப்பா சுண்ணாம்புக் கல் என்பதால் எலுமிச்சை பட்ட இடம் வெளுத்து வட்டம் விழுந்தது. வெளிர் கிரானைட்டில் மஞ்சள் ஏறிக்கொண்டது. மொட்டை மாடி வெயிலில் வைத்த துண்டில் நாலு நாளில் கறை போய்விட்டது, வீட்டுக்குள் வைத்தது அப்படியே இருக்கிறது. ஓட்டுக் கூரைக்குக் கீழே வெயிலுக்கு எங்கே போவது? ஆகவே நடுத்தரச் சாம்பல் நிறம், மேலே பிளேம் பினிஷ். தீயை வைத்து ஓட்டும்போது கல்லில் உள்ள குவார்ட்ஸ் உப்பித் தெறித்து மேல்தோல் சொரசொரப்பாகிவிடும், ஈரத்திலும் கால் பிடிக்கும். கடப்பாவில் அந்த வித்தை நடக்காது.

கல்லை நேராக அடுக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இணைப்பில் மோதும், மூலைவாட்டமாகப் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும், தடக் குறையும். சேதாரம் அதிகம் ஆகும் என்று கொத்தனார் முகத்தைச் சுளித்தார். நாற்பது மில்லி கனத்தில் இரண்டுக்கு இரண்டடிக் கல் ஒன்று கிட்டத்தட்ட நாற்பது கிலோ, அவர் கோபம் நியாயம்தான்.

உண்மையான தலைவலி வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தரையில் விடும் சரிவு. மீட்டருக்கு ஒரு சென்டி என்று கணக்குப் போட்டால், ஆளாளுக்குத் தன் வாசற்படியை இஷ்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறார்கள், மூணு அங்குலம் வரை வித்தியாசம். ரசமட்டத்தை வைத்தபோது எல்லாரும் பக்கத்துக் கடையைத்தான் கைகாட்டினார்கள்.

பளபளப்புக்கு ஒரு சமாதானம் செய்தேன். கடைக்குள்ளே அவரவர் இஷ்டம், நடைவழி என் இஷ்டம்.

டீக்கடை அண்ணன் மட்டும் அந்தக் குழி விழுந்த கல்லைப் பெயர்க்க வேண்டாம் என்கிறார். "தண்ணி நிக்குமுங்கண்ணா" என்றேன். "நின்னா நிக்கட்டும்" என்றார். கடைசியில் அதைத் தனியாக எடுத்து அவர் அடுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் படியாகப் போடுவதாக முடிவு. இப்போதே அதன்மேல் பால் கேனை வைத்துவிட்டார்.