மஞ்சள் பேஸில் ஒரு கழித்தல் குறி

“தம்பி, மீட்டருக்குள்ள திருப்பிட்ட, சரி. பெட்டிக்குள்ள யாரு திருப்புவா?”

மின்வேலைக்கு உரிமம் பெற்ற சார்ஜ்மேன் அண்ணன் கேட்டது இவ்வளவுதான். “பிறகு பார்த்துக்கலாம்ணே” என்றேன். மலேசியாவின் பாகான் டத்தோவில், ஆற்றங்கரைப் பொது மண்டபத்துக்கு ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி முடித்த மாலை அது. அந்தப் பதில் சரியா தப்பா என்று இன்றும் முடிவுக்கு வர முடியவில்லை.

பிழை சிறியது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸுக்கும் (மின்சாரம் வரும் மூன்று வழிகள்) 200/5 சிடி, அதாவது கேபிளில் ஓடும் 200 ஆம்பியரை மீட்டருக்கு 5 ஆகச் சுருக்கிக் கொடுக்கும் வளையம். வளையத்தில் பி1 என்று பொறித்த முகம் மின்சாரம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், பி2 லோடு பக்கத்தை. மஞ்சள் பேஸில் மட்டும் அது புரண்டு கிடந்தது. கேபிளை வளையத்துக்குள் நுழைத்து கேபிள் முனையின் லக்கை முறுக்கிய பிறகு அந்த எழுத்து பஸ்பார் (மின்சாரம் பிரியும் செப்புப் பட்டை) பக்கம் ஒதுங்கிவிடும். டார்ச் அடித்தாலும் தெரியாது. ஏர்கான் எல்லாம் ஓடும்போது பேஸுக்கு 80 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு) 0.85. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு பேஸில் 15.6 கிலோவாட், மூன்றும் சேர்ந்து 47. மீட்டர் காட்டியதோ 15.6. இரண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்று.

கழித்தல் குறியைப் பார்த்ததும் சிடி புரண்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. மஞ்சள், நீலம் இரண்டின் சிடி வயர்கள் இடம் மாறியிருந்தாலும் குறி வரும். அதே 0.85-இல் ஒரு பேஸ் பலமாகக் கழித்தலில் நிற்கும், மற்றது பூஜ்யத்தை ஒட்டி ஆடும், லோடு சமமாக இருந்தால் மொத்தமே பூஜ்யமாகிவிடும். கிளாம்ப் மீட்டரைப் போட்டால் எல்லாப் பேஸிலும் அதே 80 ஆம்பியர்தான். அது திசையைச் சொல்லாது. பேஸ்வாரியாக பவர் ஃபேக்டரைப் பார்க்க வேண்டும். புரண்ட சிடியில் எண் மற்ற இரண்டோடு ஒத்துப்போகும், குறி மட்டும் மாறும். இடம் மாறியதில் எண்ணே கலைந்துவிடும். அன்று எண் ஒத்துப்போனது.

சிடியிலிருந்து மீட்டருக்கு வரும் எஸ்1, எஸ்2 வயர்களை மீட்டர் முனையில் மாற்றிப்போட்டால் போதாதா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மாற்ற முடிந்திருந்தால் மாற்றியிருப்பேன். மூன்று சிடியின் எஸ்2-வையும் பெட்டிக்குள்ளேயே ஒன்றாகக் கட்டி எர்த் செய்திருந்தார்கள். மீட்டருக்கு வந்தது நாலே வயர். அங்கே மஞ்சளை மட்டும் திருப்புவதற்கு வழியில்லை. சிடி வயரை ஆபத்தில்லாமல் பிரிக்க உதவும், ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெஸ்ட் பிளாக்கும் வைக்கவில்லை. லோடு ஓடும்போது சிடியின் வயரைத் திறந்தால், போக வழியில்லாத மின்னோட்டம் முனையில் ஆளைக் கொல்லும் வோல்டேஜை ஏற்றிவிடும். மிச்சம் ஒழுங்கான வழி: மெயின் எம்சிசிபியை (பெரிய பிரேக்கரை) இறக்கிப் பூட்டு போட்டு, மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் மின்சாரம் செத்திருக்கிறதா என்று டெஸ்ட் செய்து, லக்கைக் கழற்றி, வளையத்தைப் புரட்டி, திரும்ப டார்க் ரெஞ்சால் இறுக்குவது. அவசரப்படாமல் செய்தால் முக்கால் மணி நேரம்.

அன்று இரவு அங்கே தோட்டத்துக் கல்யாண விருந்து. ஃப்ரீசரில் கோழி, மேடையில் ஒலிபெருக்கிக்காரர்கள், உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் பெண்கள். மெயினை இறக்க யாரிடம் போய்க் கேட்பது? மீட்டரின் மெனுவில் ‘சிடி திசை’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மஞ்சளுக்கு ‘தலைகீழ்’ என்று மாற்றியதும் 47 வந்தது. அளவு சரி, ஆபத்தும் இல்லை. இது மின்சார நிறுவனமான டிஎன்பியின் சீல் வைத்த மீட்டரும் இல்லை. ஏர்கானுக்கும் பம்புக்கும் ஜெட்டி விளக்குக்கும் எவ்வளவு போகிறது என்று அரைமணிக்கொரு தடவை பார்க்கக் கட்டடம் தானே வைத்துக்கொண்ட மீட்டர். அதில் அமைப்பை மாற்றுவது எங்கள் வேலைக்கு உட்பட்டதுதான். இன்று கேட்டாலும் இதே காரணங்களைத்தான் சொல்வேன்.

ஆனால் அண்ணன் கேட்டது அளவைப் பற்றி இல்லை. வேறொருவர் வந்து அந்தப் பெட்டியைத் திறக்கும் நாளைப் பற்றி.

அந்த நாள் மின்னல் வடிவில் வந்தது. மண்டபத்திலிருந்து ஜெட்டி டிக்கெட் அறைக்கு மீட்டரின் எண்களைக் கொண்டுபோகும் ஆர்எஸ்-485 கேபிள் ஓடுகிறது. இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தோம், ஷீல்டை ஒரே முனையில் எர்த் செய்திருந்தோம். மின்னல் அதிர்வைத் தாங்கும் சர்ஜ் அரெஸ்டர் மட்டும் மண்டப முனையில் இல்லை. இடி விழுந்த மாலை மீட்டரின் தொடர்புப் பகுதி கருகியது. வேறொரு குழு வந்து புது மீட்டர் மாட்டியது. ஒப்படைப்புப் படிவத்தில் இருந்ததை அப்படியே ஏற்றினார்கள்: சிடி விகிதம் 40, முகவரி, வேகம் 9600, பாரிட்டி. சிடி திசைக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. புது மீட்டரில் அது ‘நேர்’ என்றே இருந்தது.

அவர்கள்மேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. படிவத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டத்தான் செய்தேன். ஆற்றுமுகத்து உப்புக்காற்றுக்கு முன் அந்தத் தாள் எத்தனை நாள் தாங்கும்? துத்தநாகம் பூசிய ஜிஐ பெட்டியே அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும் என்றுதானே 316 ஸ்டெயின்லெஸ் பெட்டி வாங்கினோம், கேபிளைக் கீழ்ப்பக்கத்து கிளாண்ட் வழியாக மட்டும் நுழைத்தோம், இரவில் உள்ளே வியர்க்காமலிருக்கச் சின்ன ஹீட்டர் வைத்தோம். இவ்வளவும் தெரிந்த கை, எழுத்தைக் காகிதத்தில் எழுதியது.

அதே மாதம் ஜெட்டியின் ஃப்ளட்லைட்டுகளை எல்இடிக்கு மாற்றியிருந்தார்கள். மீட்டர் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும், எல்இடியால்தான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் கட்டடங்களில் குறிவைப்பது பெரியவற்றை. இந்த மாதிரி சின்ன மண்டபத்தின் எண்ணைத் தட்டிக் கேட்க யாரும் வரமாட்டார்கள். டிஎன்பி பில்லோடு ஒப்பிட்டபோதுதான் பொருந்தவில்லை என்று தெரிந்தது. வாரம் ஒரு முறை பேஸ்வாரி கிலோவாட்டைத் திறந்து பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும். சில மீட்டர்கள் பேஸைத் தனித்தனியாகக் கணக்கு வைத்து, மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதியிலும் ஒரு பங்கை ஏற்றுமதியிலும் ஏற்றும். கூரையில் சோலார் இல்லாத கட்டடத்தில் ஏற்றுமதி ஒரு யூனிட் ஏறினாலும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் அன்றே மெயினை இறக்கியிருக்க வேண்டுமா? சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. வயரிங்கில் உள்ள பிழையை வயரிங்கிலேயே திருத்த வேண்டும், மென்பொருளில் மறைக்கக் கூடாது என்று புதுப் பையன்களிடம் அழுத்திச் சொல்கிறேன். சொல்லிய கையோடு, ஆற்றங்கரை கிளினிக் ஒன்றில் அதே நிலைமை வந்தபோது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசி குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்ததால், மெனுவில்தான் திருப்பினேன். அங்கே அது சரி என்றே நினைக்கிறேன். கோழி ஃப்ரீசருக்கும் தடுப்பூசிக்கும் ஒரே நியாயம் பேச முடியுமா? முக்கால் மணி நேரத்தில் கோழி கெட்டிருக்காது. விருந்துக்கு முன் ஒரு முறை கேட்டுப் பார்த்திருந்தால் அவர்கள் சம்மதித்திருக்கவும் கூடும். நான் கேட்கவே இல்லை.

மண்டபத்தில் இப்போது கதவின் உள்பக்கம் பொறித்த தகடு, நாலு மூலையும் ரிவெட் அடித்தது. ‘மஞ்சள் சிடி புரண்டுள்ளது, மீட்டர் அமைப்பில் தலைகீழ்’. படிவத்திலும் ஒரு கட்டம் சேர்த்தாகிவிட்டது. மெயினை இறக்க நாள் கேட்டிருக்கிறோம். சனி, ஞாயிறெல்லாம் கல்யாணத்துக்கு எடுத்திருக்கிறார்கள், வார நாளில் சார்ஜ்மேன் கிடைப்பதில்லை.

மஞ்சள் சிடி இன்னும் பி2-வை மின்சாரம் வரும் பக்கம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.