தணலில் சுட்ட மரக்கறிச் சலாட்

சுட்ட மரக்கறிச் சலாட் என்றால் சமையல் வீடியோக்களில் சுக்கினியும் குடைமிளகாயும்தான் வருகின்றன. நான் கிளிநொச்சிச் சந்தையில் கண்ணில் பட்டதை வாங்கி வந்தேன்: கத்தரிக்காய், பூசணி, கறிமிளகாய், வத்தாளங்கிழங்கு, சின்ன வெங்காயம், ஒரு பிடி வல்லாரை.

இதில் பாதி வேலை நெருப்புதான். சிரட்டைக் கரியைப் பற்றவைத்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். சுவாலை அடங்கி, தணல்மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகுதான் கம்பி வலையை வைத்தேன். சுவாலையில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

கத்தரிக்காயை விரல் தடிப்பில் வெட்டி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்து, கசிந்த தண்ணீரைத் துடைத்தேன். கிழங்கைத் தோலோடு அரைவேக்காடாக அவித்துக்கொண்டேன். அது தணலில் மட்டும் வேக நெடுநேரம் எடுக்கும். வெங்காயம் வலைக்கண்ணுக்குள்ளால் விழுந்துவிடும் என்று, தண்ணீரில் ஊறிய ஈர்க்கில் கோத்தேன். எண்ணெயை வலைக்குப் பூசாமல் மரக்கறிக்கே பூசினேன். பூசணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே வலையை விட்டுக் கழன்று வரும். கறிமிளகாயை முழுதாகக் கருக்கி, சட்டியில் போட்டு மூடிவைத்தால் தோல் சுலபமாக உரியும்.

மாமி எட்டிப் பார்த்தார். “எல்லாத்தையும் சுட்டுப்போட்டு, கறி வைக்காமல் விடப்போறியோ பிள்ளை?” என்றார்.

சாறுக்கு ஒரு தோடம்பழம், ஒரு தேசிக்காய். நம் ஊர்த் தோடம்பழத்தின் பச்சைத் தோலைப் பார்த்துக் காய் என்று நினைக்க வேண்டாம். இரவு குளிராத நாடுகளில் பழுத்தாலும் தோல் மஞ்சளாவது குறைவு. அந்தப் பச்சைத் தோலை மேலாகச் சீவிச் சேர்த்தேன். வாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது. கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். தோடம்பழம் தனியே போட்டால் இனிப்பு மட்டும் நிற்கும், அதனால்தான் தேசிக்காய். அதோடு ஒரு தேக்கரண்டி தேன், உப்பு, இடித்த மிளகு. எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி: ஒன்று நல்லெண்ணெய், இரண்டு தேங்காயெண்ணெய். முழுக்க நல்லெண்ணெய் விட்டால் பழ வாசனை அமுங்கிப்போகும். தேங்காயெண்ணெய் சலாட்டில் உறைந்துவிடும் என்பார்கள். 24 பாகைக்குக் கீழே போனால்தானே உறையும், வன்னி வெயிலில் எங்கே உறைவது? எல்லாவற்றையும் ஜாம் போத்தலில் போட்டுக் குலுக்கினேன்.

சாற்றை எப்போது ஊற்றுவது என்பதுதான் முக்கியம். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் கத்தரியும் கிழங்கும் குடித்துக்கொள்ளும். ஆறிய பிறகு ஊற்றினால் சாறு அடியில் தேங்கி நிற்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பழ வாசம் ஆவியோடு போய்விடும். வல்லாரையைப் பரிமாறும் நேரத்தில்தான் கிள்ளிப் போட்டேன், புளிப்புப் பட்டால் அதன் பச்சை மங்கும். மேலே வறுத்த கச்சானை இடித்துத் தூவினேன்.

மாமிக்குப் பூசணி பிடித்துக்கொண்டது. கிழங்குக்கு இன்னும் உறைப்பு வேண்டுமாம். அடுத்த முறை சாற்றில் ஒரு செத்தல் மிளகாயைச் சுட்டு நொறுக்கிப் போட இருக்கிறேன்.